தட்டு காயும் வரை

“யாரு தண்ணி குடிப்பாங்க, யாரு குடிக்க மாட்டாங்க? அதுதான் இன்னிக்கு நம்ம விளையாட்டு” என்றாள் டீச்சர்.

மேசை மேல் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்கள் குவிந்து கிடந்தன. ஒரு கரண்டி, பாதி தேய்ந்த ரப்பர், பாத்திரம் துலக்கும் பஞ்சு, கோலிக்குண்டு, மரச்சீப்பு, ஜோடி தொலைந்த காலுறை, இவற்றோடு ஒரு தோல் பெல்ட்டு.

“இது யாருடையது?”

“எங்கப்பாவுது டீச்சர்.”

“இத நீ எடுத்துட்டு வந்துட்டா அப்பா வேலைக்கு எப்படிடா போனாரு?”

“கையில பிடிச்சுக்கிட்டே போனாரு டீச்சர்.”

வகுப்பே உருண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக வந்து, கரண்டியால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தங்கள் சாமான் மேல் விட்டுப் பார்த்தார்கள். முன்பல் விழுந்து வாய் ஓட்டையாக இருந்த பையன் ஒருவன், “ரப்பர் குடிக்குது டீச்சர்” என்று அடித்துச் சொன்னான்.

“குடிச்சத பாத்தியா?”

“குடிக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சத வீட்டுலயே விட்டுட்டு வா ராஜா. இங்க நம்ம சட்டம் என்ன?”

“பாத்ததச் சொல்லு, நெனச்சதச் சொல்லாத” என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டது. ஆண்டு தொடங்கியதிலிருந்து சொல்லிச் சொல்லி அது அவர்களுக்குப் பாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. குருவியின் கை. குரலும் கீச்சு, நடையும் தத்தல், அதனால் வீட்டில் வைத்த பெயர். டீச்சருக்கு அவள் அக்கா மகள். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அந்த உறவு கிடையாது. “இங்க நீங்க எனக்குச் சித்தி இல்ல, சரியா?” என்று முதல் நாளே கறாராகப் பேசி முடித்துவிட்டாள். வீட்டில் ‘சித்தி, நீ’. வகுப்பில் ‘டீச்சர், நீங்க’. ஒரு நாளும் தவறியதில்லை.

“துணி தண்ணி குடிக்குதுல்ல டீச்சர். வாசனையும் குடிக்குமா?”

டீச்சருக்குக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

“குடிக்கும்.”

“குடிச்சத எவ்வளவு நாள் வச்சிருக்கும்?”

“கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும்.”

“கண்ணாடி?”

“கண்ணாடி எதையும் குடிக்காது. அதுக்குன்னு சொந்தமா வாசனையும் கிடையாது.”

“அப்ப துணி விடறத கண்ணாடி திருடாது.”

“திருடாது” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றுமில்லாமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்கா போனபோது உறவுக்காரப் பெண்கள் நாலு பேர் வந்து, நல்ல மனதோடு, வீட்டையே அலசிப் போட்டுவிட்டுப் போனார்கள். போர்வை, புடவை, துண்டு ஒன்று விடாமல் வெந்நீரில் ஊறியது. நோய் இருந்த வீடு, துவைத்தால்தான் ஆகும் என்றார்கள். யாரிடம் என்ன சொல்வது? கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நழுவி விழுந்திருந்த ஒரு தலையணை உறை மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் தப்பியது. வீடு பெருக்கும்போது அதை வெளியே எடுத்தவள் குருவி. எடுத்தவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இங்க வாங்க. அம்மா இருக்காங்க.”

அவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். தின்னரும் பெயிண்டும் வருஷக்கணக்காக ஏறி ஏறி அவருடைய மூக்கு என்றோ செத்துப்போனது. “நான் அடுப்புல எதத் தீய விட்டாலும் இந்த மனுஷன் நல்லாருக்குன்னு சாப்பிடுவாரு. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குடி அமையும்?” என்று அக்கா தங்கையிடம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அன்று அவர் உறையை வாங்கி முகத்தோடு அழுத்தி இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே கண்ணு.”

“நான் சொல்றேம்பா. தைலம் கொஞ்சம். தலை எண்ணெய் கொஞ்சம். அப்புறம் அம்மா.”

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் ஒற்றிக்கொண்டே கேட்பார். “வருதா கண்ணு?” குருவி முகர்ந்து பார்த்து ஒப்பிப்பாள். “தைலம் கொஞ்சம். தலை எண்ணெய் கொஞ்சம். அப்புறம் அம்மா.” அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

வகுப்பில் கண்ணாடி பற்றிப் பேசிய அன்றே சர்க்கரை ஜாடி காலியாயிற்று. ரப்பர் வளையம் வைத்த மூடியோடு கூடிய பெரிய கண்ணாடி ஜாடி. கழுவி, வெயிலில் வைத்து, சர்க்கரை வாசனை போய்விட்டதா என்று குருவியே முகர்ந்து பார்த்து, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று சோதித்து, அதன் பிறகுதான் தலையணை உறையை மடித்து உள்ளே வைத்தாள்.

“ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு மூச்சு. அதுக்கு மேல கிடையாது.”

“அப்பாவுக்கும் ஒண்ணா?” என்று கேட்டாள் சித்தி.

“அப்பாவுக்குத்தான் மூக்கு இல்லையே. அவர் பங்கையும் நானே இழுத்துக்கறேன்.”

“பேராசைக்காரி.”

“நீ மட்டும் என்னவாம்? உன் ஒரு மூச்சு எவ்ளோ நீளம். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சித்திக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து, சமைத்து வைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். உலை கொதிக்கும் நேரத்தில் ஜாடியைத் திறந்து தன் பங்கு மூச்சை இழுப்பாள். இழுத்த மூச்சை வெளியே விட மனம் வராது. அடுப்பைப் பார்த்தபடி அடக்கிக்கொண்டு நிற்பாள். இரண்டே பெண்கள் பிறந்த வீட்டில், ஒரே தலையணையில் தலை வைத்துச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் அக்காவும் அவளும்.

துணி குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. முதலில் தைலம் போயிற்று. குருவி அப்பாவிடம் ஒப்பிக்கும்போது ‘தைலம் கொஞ்சம்’ என்கிற இடத்தில் சிறிது தயங்க ஆரம்பித்தாள். பிறகு எண்ணெயும் மங்கியது. ஒரு நாள் முகர்ந்துவிட்டு ஜாடியை மெல்ல மூடினாள்.

“சித்தி, அம்மா சின்னதாயிட்டே போறாங்க.”

சித்தி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாக்கு.

அந்த வாரம் வகுப்பில் உப்புப் பாடம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, உப்பைப் போட்டுக் கலக்கினாள் டீச்சர்.

“எங்க உப்பு?”

“காணாமப் போச்சு டீச்சர்.”

“பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல்லில்லாதவன் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “உள்ளதான் இருக்கான் திருட்டுப்பய” என்றான். தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஜன்னலில் வைத்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்த நாட்கள். தட்டு காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்பு திரும்பி வந்ததும் வகுப்பு வாயைப் பிளந்தது.

“தண்ணிதான் போச்சு. உப்பு எங்கயும் போகல” என்றாள் டீச்சர். “நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. கலந்து போனாலும் அது உள்ளேயேதான் இருக்கும். காத்திருந்தா வரும்.” ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னோம் என்று அவளுக்கே பிறகு தோன்றியது.

அதே நாளில் மரச்சீப்புக்காரி ஓடி வந்தாள். “டீச்சர், சீப்பு நனைஞ்சதும் வாசனை வருது.”

“ஆமாம்மா. சில சாமான் காஞ்சு கிடக்கும்போது சும்மா இருக்கும். நனைஞ்சா அதோட வாசனை எழுந்து வரும்.” போகிற போக்கில் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். இரண்டாம் பெஞ்சில் ஒரு குருவி அதைக் கொத்தி எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

விடுமுறை நாளன்று மதியமே அக்கா வீட்டுக்கு வந்தாள் சித்தி. பின்பக்கக் கொடியில் வெயில் ஊடுருவ, தலையணை உறை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அதை உருவி முகத்தில் அழுத்தினாள். வெயில் வாசனை. துவைத்த துணியின் வெறுமையான, யாருக்கும் சொந்தமில்லாத வாசனை.

“யாரு இத துவச்சது?”

“துவைக்கல சித்தி.” குருவி படியில் நின்றிருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. “நனைச்சேன். சோப்பே போடல.”

“ஏண்டி நனைச்ச? ஏன் நனைச்ச? உனக்கு யாரு சொன்னா?”

“நீதான் சொன்ன. நனைஞ்சா வாசனை எழுந்து வரும்னு.”

சித்தி உறையைத் திருப்பிப் பிடித்து மறுபடி முகர்ந்தாள்.

“வந்துச்சு சித்தி. நெனச்சதச் சொல்லல, நெசமாவே வந்துச்சு. முதல்ல வந்ததவிட நல்லா. பக்கத்துல வந்து நிக்கற மாதிரி.”

“அப்புறம்?”

“அப்புறம் பிழிஞ்சேன்.”

“எதுக்குப் பிழிஞ்ச?”

“ஈரத்தோட ஜாடிக்குள்ள வச்சா பூஞ்சை பிடிக்கும்ல. அதுவும் நீதான் சொன்ன.”

சித்தியின் கை உயர்ந்தது. ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்து துவைகல்லில் உட்கார்ந்தாள். யாரை அடிப்பது? பிள்ளை ஒரு பாடத்தையும் தப்பாகப் படிக்கவில்லை.

“அழாத சித்தி. இன்னும் போகல.” குருவி உள்ளே ஓடிப்போய், மூடி போட்ட பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வந்தாள். “பிழிஞ்ச தண்ணிய நான் கொட்டலையே. இதுலதான் இருக்காங்க.”

“குருவி...”

“உப்பு மாதிரி. தண்ணிதான் போகும், உப்பு எங்கயும் போகாது. தட்டுல ஊத்தி காய வச்சா திரும்பி வந்துடும். இல்ல?”

‘உப்பு வேற, வாசனை வேற’ என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் வைக்காமல் பறந்து நின்ற முடி, நனைந்த சட்டை, சந்தேகமே இல்லாத இரண்டு கண்கள்.

“எந்தத் தட்டுல ஊத்தலாம்?” என்று கேட்டாள்.

“பிளாஸ்டிக்ல வேண்டாம், அதுக்கே ஒரு வாசனை இருக்கு. மண்சட்டி குடிச்சுடும். கண்ணாடித் தட்டுதான்.”

“சரி.”

“அப்பாகிட்ட சொல்லாத. தட்டு காயட்டும், அப்புறம் சொல்லலாம்.”

அன்று சாயங்காலம் அவர் கை துடைத்துக்கொண்டே, “வருதா கண்ணு?” என்றபோது குருவி ஜாடியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். உறை மறுபடி உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“கொஞ்ச நாளைக்குத் தொறக்க வேண்டாம்பா. தொறந்துக்கிட்டே இருந்தா சீக்கிரம் போயிடும்.”

“அதுவும் சரிதான். மிச்சம் பிடி, மிச்சம் பிடி” என்றார் அவர். பிறகு மைத்துனியிடம், “என்ன டீச்சரம்மா, உங்க மாணவி எனக்கே பாடம் எடுக்கறா?” என்று சிரித்தார். அன்று தட்டில் போட்டதில் பாதியைத்தான் சாப்பிட்டார்.

தட்டு படுக்கையறை ஜன்னலில் இருந்தது. தூசி விழாமல் இருக்க மேலே கொசுவலைத் துண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குருவி முதலில் அதைப் போய்ப் பார்ப்பாள். கை வைக்க மாட்டாள், முகரவும் மாட்டாள். தண்ணீர் முழுக்கப் போனால்தான் முகரலாம், இல்லாவிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்றாள். தண்ணீரின் ஓரம் நாளுக்கு நாள் உள்வாங்கிக்கொண்டே வந்தது.

ஒரு மதியம் குருவி கடைக்குப் போயிருந்த நேரம். குளியலறை அலமாரியில் அக்காவின் எண்ணெய் பாட்டில் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு நின்றது. சித்தி அதைத் திறந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தாள். ஜன்னலருகே போய் வலையை விலக்கினாள். ஒரு சொட்டு. தட்டின் ஓரத்தில் ஒரு தடவல். பிள்ளை முகம் மலர்ந்துவிடும். அவர் வயிறாரச் சாப்பிடுவார். யாருக்கு என்ன நஷ்டம்?

விரல் தட்டின் மேலேயே நின்றது. குருவியின் மூக்கு அவளுக்குத் தெரியும். குனிந்து முகர்ந்துவிட்டு, ‘எண்ணெய் இருக்கு, அம்மா இல்ல’ என்று சொல்லிவிட்டால்? அதைக் கேட்டு நிற்க அவளால் ஆகாது. விரலைத் தன் தலையிலேயே தேய்த்துத் துடைத்துக்கொண்டு, வலையை இழுத்து மூடினாள்.

தட்டு காய்ந்தது. ஓரம் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று படிந்திருந்தது. அதைக் கண்டதும் குருவி துள்ளினாள்.

“வந்திருக்கு சித்தி. ஏதோ வந்திருக்கு.” உடனே அடங்கி, தட்டை அவள் பக்கம் நீட்டினாள். “நீ முதல்ல பாரு. நான் பாத்தா நெனச்சதச் சொல்லிடுவேன்.”

சித்தி குனிந்தாள். மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. கண்ணாடிக்கென்று சொந்தமாக வாசனை கிடையாது. அவளே சொன்னதுதான். நிமிர்ந்தால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்தாள்.

“வருது” என்றாள். “லேசா.”

குருவி தட்டை வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடி, சின்ன நெஞ்சு புடைக்க, உள்ளுக்குள் இருந்த இடமெல்லாம் நிரம்பும் வரை இழுத்தாள். ஒரு மூச்சு என்கிற சட்டத்தை மறந்து மறுபடி இழுத்தாள். பிறகு தட்டை மெல்ல ஜன்னலிலேயே வைத்தாள்.

“இல்ல டீச்சர்.”

வீட்டுக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க நெனச்சதச் சொல்றீங்க.”

சித்தி கட்டிலில் உட்கார்ந்தாள். குருவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தொடாமல், ஓர் ஆள் இடைவெளி விட்டு.

“தண்ணியோடவே போயிடுச்சா?”

“ஆமா.”

“உப்பு மட்டும்தான் திரும்பி வருமா?”

“உப்பு வரும். சர்க்கரை வரும். வாசனை காத்தோட போயிடும்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எனக்கும் வேணும்னு இருந்துச்சு குருவி.”

குருவி அதை யோசித்தாள். பிறகு எழுந்து போய், வெள்ளை வளையத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

“உப்புக் கரிக்குது. நான் உப்பே போடலையே. எங்கேருந்து வந்துச்சு?”

அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் காலையில் எப்போது வந்து கேட்டாலும், “நல்லாத் தூங்கினேண்டி” என்பாள். தலையணையின் ஈரப் பக்கம் கீழே போகும்படி திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சொல்வாள். அது சித்திக்கு இப்போது ஞாபகம் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“வேர்வையா இருக்கலாம். குழாய்த் தண்ணியிலயும் உப்பு இருக்கும். சரியாத் தெரியல.”

“சும்மா சொல்றியா?”

“இல்லம்மா. நெசமாவே தெரியல.”

‘நீ’ திரும்பி வந்திருந்தது. குருவி அந்த இடைவெளியைத் தாண்டி வந்து அவள் மடியில் விழுந்தாள். அப்புறம் அழுதாள். சத்தம் வெளியே போகாமல், முகத்தைப் புடவைக்குள் புதைத்து, முதுகு குலுங்கக் குலுங்க. சித்தியின் மடி ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது.

முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. குருவி எழுந்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சித்தி பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

அவர் துண்டில் கையை ஒற்றிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் நீல பெயிண்ட் இன்னும் போகவில்லை. ஜாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இத்தனை நாள் கேட்காமல் அடக்கி வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“இன்னிக்குத் தொறக்கலாமா கண்ணு? ஒரே ஒரு தடவ.”

குருவி ஜாடியை இறக்கித் தரையில் வைத்தாள். மூடியைக் கழற்றினாள். ரப்பர் வளையம் டப்பென்று விடுபட்டது. உறையை வெளியே எடுக்காமலே குனிந்து மூக்கை உள்ளே விட்டாள்.

“வருதா?”

குருவி தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தாள்.

“வருதுப்பா” என்றாள் குருவி. “தைலம் கொஞ்சம். தலை எண்ணெய் கொஞ்சம். அப்புறம் அம்மா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மகளின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மூடியை வாங்கி, பெயிண்ட் படிந்த விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அதை இறுக்கித் திருகினார்.

“நல்லா மூடணும் கண்ணு. கொஞ்சம் சந்து இருந்தாலும் போயிடும்.”

“சரிப்பா” என்றாள் குருவி. ஜாடியைத் தூக்கி அதே இடத்தில் வைத்துவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்து வைக்கப் போனாள்.